ஆசிட் கட்டத்துக்கு ஒரு பூட்டு

ஆசிட் கட்டத்தில் ஐம்பத்தெட்டு என்று இருந்தது.

ஏழு, ஏழரை, மிஞ்சினால் எட்டு. அதற்கு மேல் அந்தக் கட்டத்தில் எண் வந்ததே இல்லை. வரவும் முடியாது. மேலே இருக்கும் பன்னிரண்டு எடைகளையும் கூட்டி, இத்தனை கிலோ தோலுக்கு இத்தனை கிலோ ஆசிட் என்று சொல்லும் ஃபார்முலா அதற்குள் இருந்தது. வானமாமலை தன் கையால் எழுதி வைத்தது. கர்சரை அந்தக் கட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்துப் பார்த்தான். ஃபார்முலா இல்லை. பச்சை எழுத்தில் வெறும் 58. யாரோ அதன் மேலேயே எண்ணைத் தட்டி என்டர் அடித்திருந்தார்கள்.

தட்டியது அவன்தான். அந்தக் கம்ப்யூட்டரை வேறு யாரும் தொடுவதில்லை.

அதைக் கண்டுபிடித்தபோது ஆசிட் அளவு அடித்த சிலிப் கீழே போய் ஆசிட்டும் பாதி ஊற்றியாகிவிட்டது. தகர மாடியின் பலகை இடுக்குகள் வழியாக ஆசிட் மிஞ்சினால் கிளம்பும் விஷக்காற்றின் அழுகின முட்டை நாற்றம் ஏறி வந்தது. இருமல் சத்தம். யாரோ ஓடினார்கள், வாளி உருண்டது, பிறகு டிரம் ஓட்டும் காசிமின் குரல், எல்லாரையும் வெளியே போகச் சொல்லி. தோலைப் போட்டுச் சுற்றும் டிரம் பக்கத்தில் மயங்கி விழுந்த பீகார்க்காரனைக் காசிம்தான் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய்த் தெருவில் போட்டான். ஆள் பிழைத்துக்கொண்டான். ஒரு டிரம் ஆட்டுத்தோல் கூழாகப் போனது.

தாராவியில் அந்தத் தோல் ஷாப்பில் வேலை நடக்கிற விதம் இதுதான். கீழே எடை மேடையில் பூலோகம் நிற்பான். சுண்ணாம்பில் ஊறிக் கழுவின தோலைக் கட்டுக் கட்டாக மேடையில் போட்டு, முள்ளைப் பார்த்து, ராகம் போட்டுச் சொல்வான். முதல் கட்டுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டான். ‘லாபம்’ என்பான். லாபம், நாப்பத்தி ஒம்போது. ரெண்டு, அம்பத்தி மூணு. இப்படிப் பன்னிரண்டு. மாடித் தரையில் வெட்டிய சதுர ஓட்டை வழியாக அந்தக் குரல் மேலே வரும். சுண்ணாம்புக் காந்தலில் கண் எரியும் என்பதால் வானமாமலை கண்ணை மூடிக்கொண்டே தட்டுவான். எண், என்டர். எண், என்டர். என்டர் அடித்ததும் கர்சர் தானாக ஒரு கட்டம் கீழே இறங்கும்படி செய்து வைத்திருந்தான். பன்னிரண்டாவதுக்குக் கீழே இருப்பது ஆசிட் கட்டம். பதிமூன்றாவதாக ஒரு எண்ணைத் தட்டினால் அது அங்கேதான் போய் உட்காரும்.

அன்றைக்குப் பதிமூன்றாவதாக ஒன்று வந்தது. அவன் காதில் விழுந்தது. ‘பதிமூணு’ என்று முன்னால் எண்ணிக்கை இல்லை. அம்பத்தெட்டு என்று மட்டும். பூலோகத்தின் அதே ராகம். கை பழக்கத்தில் தட்டிவிட்டது.

ஜெயினுலாப்தீன் முதலாளி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“ஒம்ம கம்ப்யூட்டர நம்பித்தான்வே பழைய முறையெல்லாம் பந்த் பண்ணுனேன். இப்ப எல்லாவனும் சிலிப்புல உள்ளத அப்படியே ஊத்துதான். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா ஆளு செத்துருவான். நான் ஜெயிலுக்குப் போவேன். நீரு ரயிலேறி ஊருக்குப் போவீரு.”

டிரம் வேலை காசிமுடையது. செத்தால் முதலில் சாகிறவன் அவன்தான். இதை முதலாளி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

காசிமும் வானமாமலையும் ஒரே கோலியில் தங்கியிருந்தார்கள். அந்த அறையில் ஏழு பேர். மற்ற ஐந்து பேரோடும் வானமாமலைக்குப் பேச்சு கிடையாது. சண்டை ஒன்றும் இல்லை, பேச எதுவும் இருக்காது. இவ்வளவு ஜனம் நெரியும் ஊரில் அவன் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிடுகிறவன் காசிம் ஒருத்தன்தான். அன்று ராத்திரி பாய் விரிக்கும்போது காசிம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

“முட்ட நாத்தம் அடிக்க வரைக்கும் பயமில்ல மக்கா. நாத்தம் சட்டுனு நின்னுட்டுன்னாதான் ஓடணும். மூக்கு செத்துட்டுன்னு அர்த்தம்.”

வானமாமலைக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் ஃபார்முலாவைத் திரும்ப எழுதினான். அந்தக் கட்டத்துக்குக் காவல் போடும் கட்டளையைத் தேடிப் பிடித்துக் கொடுத்தான். இனி யாரும் அதன் மேல் எழுத முடியாது என்று ஒரு டீ குடித்தான். சாயங்காலம் பன்னிரண்டு கட்டும் முடிந்து கண்ணைத் திறந்தபோது ஆசிட் கட்டத்தில் 61.

நல்லவேளை, சிலிப் அடிக்கவில்லை. கீபோர்டைத் தூக்கி ஓட்டை வழியாகக் கீழே போட்டுவிடலாமா என்று ஒரு ஆத்திரம். போட்டேனே காவல். போட்டேனே. மிஷின் அதை வாங்கிக்கொண்டு தலையாட்டியதே.

மாதுங்காவில் அவனுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்த ருக்கு மேடத்துக்குப் போன் போட்டான். லைன் கிடைப்பதற்குள் விரல் வலித்தது. அவள் கேட்டுவிட்டு அலுத்துக்கொண்டாள்.

“தாழ்ப்பாள வாங்கி வச்சுண்டா ஆச்சா? போடணுமோல்லியோ? மொத்த ஷீட்டுக்கும் காவல ஆன் பண்ணு. பண்ணினா எல்லாக் கட்டமும் பூட்டிக்கும். அப்புறம் எடை விழற பன்னெண்டு கட்டத்த மட்டும் தொறந்து விடு. அவ்வளவுதான்.”

விஷயம் இவ்வளவுதான். ஒவ்வொரு கட்டமும் பிறக்கும்போதே பூட்டோடுதான் பிறக்கிறது, மொத்தக் காவலை இயக்காத வரைக்கும் எந்தப் பூட்டும் வேலை செய்யாது. அவன் செய்தது திறந்து கிடக்கும் வீட்டில் ஒரு அறைக்குப் பூட்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தது மாதிரி. அவள் சொன்னபடி செய்தான். திறந்துவிட்ட பன்னிரண்டு கட்டங்களும் திரையில் கொஞ்சம் பளிச்சென்று தெரிந்தன. ஆசிட் கட்டம் மங்கலாக இருந்தது. சோதித்துப் பார்க்க அதில் ஒரு எண்ணைத் தட்டினான். மிஷின் பீப் என்று கத்தியது. மேலே மூலையில் எர்ரர் என்ற எழுத்து மினுக்கியது. எஸ்கேப் அடித்தான். ஃபார்முலா அப்படியே இருந்தது.

அந்த பீப் சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு நாள்.

அடுத்த நாள் மழை தொடங்கியது. தகரக் கூரையில் மழை விழுந்தால் தாராவியில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்காது. ஆனால் ஓட்டை வழியாக வரும் எடைக் குரல் மட்டும் துல்லியமாகக் கேட்டது. பன்னிரண்டு, அம்பத்தி ஒண்ணு. என்டர். பிறகு ஒரு மூச்சு விடுகிற இடைவெளி. பிறகு, அறுவத்தி நாலு. விரல் போய்விட்டது. பீப். அவன் கண்ணைத் திறந்து எஸ்கேப் அடிப்பதற்குள் மறுபடியும் அதே குரல், அதே எண், கொஞ்சம் பொறுமை இழந்த மாதிரி. அறுவத்தி நாலு.

ஓட்டையில் குனிந்து பூலோகத்தைக் கூப்பிட்டான். மேடை பக்கத்தில் யாரும் இல்லை. தெருப்பக்கம் சாக்கு மறைப்புக்குக் கீழே பீடிப் புகை தெரிந்தது. இறங்கிப் போய்க் கேட்டான்.

“நான் பன்னெண்டோட வாய மூடிட்டு இங்க வந்துட்டேனே. ஒம்ம காதுல பூச்சி கீச்சி போயிருக்கும். சயான் ஆசுபத்திரில காட்டும்.” பூலோகம் புகையை மழைக்குள் ஊதினான். “இல்லன்னா வேலய விடும். கம்ப்யூட்டர் ஆளுக்கு இப்ப வெளிய கிராக்கியாம்லா.”

இனிமேல் கண்ணை மூடித் தட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டான். விரலில் எண்ணினான். பன்னிரண்டு வந்ததும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். பலனில்லை. பன்னிரண்டு முடிந்து, கர்சர் ஆசிட் கட்டத்தில் போய் நின்று, குரல் வரும். அவன் தட்டாமல் உட்கார்ந்திருந்தால் குரல் நிற்காமல் திரும்பத் திரும்பச் சொன்னது. தட்டினால் பீப். எஸ்கேப். அப்போதுதான் அடங்கியது. ஒவ்வொரு டிரம்முக்கும் இதே பாடு. அவன் என்ன செய்துவிட்டான்? ஒரு ஃபார்முலாவைக் காப்பாற்றப் பார்த்தான். அதற்கு இந்தத் தண்டனையா?

எண் ஏறிக்கொண்டே போனது. அறுபத்தைந்து. அறுபத்தேழு.

முதலாளிக்கு பீப் சத்தம் எரிச்சலாக இருந்தது. வியாபாரத்துக்கு ஆள் வரும் நேரத்தில் என்னவே இது கோழிக்குஞ்சு கத்துத மாதிரி என்று கேட்டார். பூட்டை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தால் ஆசிட் கட்டம் அழியும் என்று வானமாமலை சொன்னான். அழியாமல் பார்த்துக்கொள்ளத்தானே உமக்குச் சம்பளம் என்றார். அவன் பூட்டை எடுக்கவில்லை.

சம்பள நாளில் ஷாப்பில் ஒரு வேடிக்கை உண்டு. வேலை ஆட்களை ஒவ்வொருவராக எடை மேடையில் ஏற்றி நிறுத்தி, இவன் கொழுத்துவிட்டான், இவன் காய்ந்துவிட்டான் என்று பூலோகம் ஏலம் போடுவான். ஆள் ஏறினால் முள் துள்ளிப்போய் நிற்கும். வானமாமலை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். காசிம் ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினான்.

“அம்பத்தெட்டு,” என்று ராகம் போட்டான் பூலோகம். “ரெண்டு மாசமா அதே அம்பத்தெட்டு. இந்தத் தோலு வெலைக்கிப் போகாது.”

எல்லாரும் சிரித்தார்கள். காசிம் அண்ணாந்து பார்த்து, நீயும் இறங்கி வாவே என்று கையை ஆட்டினான்.

வானமாமலை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தோல் ஷாப்பில் இருக்கிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்த தோல் ஒரு எடை. அதையே தண்ணீரில் போட்டால் குடிக்கும். நாளுக்கு நாள் கூடும். ஆள் உடம்பும் அப்படித்தான். ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. அறுபத்து நான்கு. அறுபத்தேழு.

அன்று ராத்திரி காசிமிடம் சொன்னான். வேலையை விட்டுவிடு, அம்பர்நாத்தில் ஃபாக்டரி வேலை இருக்கிறதாம், இரண்டு பேருமே போய்விடலாம் என்றான். ஏன் என்று கேட்டதற்கு எடையைப் பற்றிச் சொன்னான். காசிம் கிண்டல் செய்யவில்லை.

“பூட்டுத் தொறக்காமத்தான இருக்கு?”

“ம்.”

“ஆசிட்டு சரியாத்தான வருது?”

“வருது.”

“அப்ப என்னவே. நீ மேல இருக்க வரைக்கும் எனக்கு ஒண்ணும் வராது. ஒறங்கு.”

வானமாமலைக்குத் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுவிட்டதால் சுனாபட்டியிலிருந்து வர வேண்டிய பூலோகம் வரவில்லை. பாதிப் பேர் வரவில்லை. முதலாளியும் வரவில்லை. ஊறின தோலைப் போட்டு வைக்க முடியாது, அழுகிவிடும். காசிம்தான் கட்டுகளை இழுத்து மேடையில் போட்டு எடை சொன்னான். அவனுக்கு ராகம் வரவில்லை. லாபம் என்று சொல்லும்போது வெட்கப்பட்டுச் சிரித்தான்.

பன்னிரண்டு வந்தது. நாற்பத்தெட்டு. என்டர்.

“அவ்வளவுதான்வே,” என்றான் காசிம். “சிலிப்ப எறக்கு. நான் டிரம்மப் பாக்கப் போறேன்.”

பூட்ஸ் சத்தம் சளக் சளக் என்று தூரப் போனது. வானமாமலை ஆசிட் கட்டத்தைப் பார்த்தான். 7.3. ஃபார்முலா இருந்தது. பூட்டு இருந்தது. பிரிண்டர் கரகரவென்று அடித்து முடித்தது. சிலிப்பைக் கூடையில் போட்டுக் கயிற்றை விட்டான். கீழே டிரம் சுற்றத் தொடங்கியது. மழைச் சத்தத்துக்கு அடியில் அந்த மரப் பீப்பாயின் முனகல், அதற்குள் ஈரத் தோல்கள் ஏறி ஏறி விழும் சத்தம், தொப், தொப், தொப், தினமும் கேட்டுக் கேட்டுக் காதில் விழாமல் போய்விட்ட அந்தச் சத்தம் இன்றைக்கு ஒவ்வொன்றாகத் தனித்தனியாக விழுந்தது.

அப்போது ஓட்டைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

எழுவத்தி ஒண்ணு.

பூலோகத்தின் குரல் இல்லை. காசிமின் குரல். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

அவன் கீயைத் தொடவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தான்.

எழுவத்தி ஒண்ணு.

பீப்.

அவன் தொடவில்லை.

எழுவத்தி ஒண்ணு. பீப். எழுவத்தி ஒண்ணு. பீப்.

எர்ரர் மினுக்கியது. மங்கல் கட்டத்தில் கர்சர் நின்றது. வானமாமலைக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. கட்டம் திறந்திருந்த வரைக்கும் அந்த எடை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு டிரம் தோலை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. பூட்டிய பிறகு அதற்கு உட்கார இடமில்லை. இத்தனை நாளும் அது இடம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

இடம் கொடுத்துவிட வேண்டியதுதான். சிலிப் போயாகிவிட்டது. இனி ஃபார்முலா அழிந்தால் அழியட்டும். எஸ்கேப் அடித்தான். காவலை எடுக்கும் கட்டளையைத் தேடினான். விரல் வழுக்கியது. தப்பான எழுத்து. திரும்ப எஸ்கேப். திரும்ப முதலிலிருந்து. எத்தனை தடவை செய்த வேலை. ஒரு எழுத்து. இன்னும் ஒரு எழுத்து.

கரண்ட் போனது.

திரையில் ஒரு பச்சைப் புள்ளி நின்று அணைந்தது. விசிறி நின்றது. மழை மட்டும். அவன் படிகளில் வழுக்கிக்கொண்டே இறங்கினான். காசிம் என்று கத்தினான். கீழே புகுந்திருந்த மழைத் தண்ணீரில் முட்டிவரை நனைந்தது. ஷாப்புக்குள் எங்கேயும் நாற்றம் இல்லை. சுண்ணாம்பு நாற்றம் இல்லை. தோல் நாற்றம் இல்லை. எதுவுமே இல்லை.

“என்னவே?”

காசிம் எடை மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். தெருவாசல் வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்தது. கையில் சிலிப். உயிரோடு. முழுசாக. வானமாமலை சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“டிரம்முக்குப் போகலயா?”

“போயிட்டு வந்துட்டேன்.”

“மேடையில ஏறு.”

“எதுக்குவே?”

“ஏறு. அம்பத்தெட்டு இருக்கான்னு பாக்கணும். ஏறுடே.”

காசிம் மறுக்கவில்லை. பூட்ஸோடு ஏறினான். இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றான்.

முள் அசையவில்லை.

வானமாமலை தராசுக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். சற்று முன்புதான் பன்னிரண்டு கட்டு நிறுத்த தராசு. முள் பூஜ்யத்தில் நின்றது. மேடையில் காசிம் நின்றான்.

கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை.

பின்னால் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது.

தொப். தொப். தொப். பிறகு ஒன்று. கனமாக. தோல் விழுகிற சத்தம் இல்லை. எலும்போடு.

காசிம் குனிந்து முள்ளைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான். சட்டைக் கையிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. முதலில் சொட்டாக. பிறகு நிற்காமல்.

“எவ்வளவு காட்டுது?” என்றான். “சத்தமாச் சொல்லுவே. மேல கேக்கணும்லா.”

மாடியில், யாரும் இல்லாத நாற்காலி முன்னால் நகர்ந்தது.